கம்ப்யூட்டர் சத்தியபாயின் தம்பி

கம்ப்யூட்டர் என்ற பெயர் மேஜைமேல் உட்காரும் பெட்டிக்கு வருவதற்கு முன்னால் என் மனைவிக்கு இருந்தது. இதைச் சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஐம்பதுகளின் தொடக்கத்தில், திருவனந்தபுரத்தில் ஒரு சர்க்கார் புள்ளிவிவர ஆபீசில் சத்தியபாய்க்குக் கொடுத்த உத்தியோகத்தின் பெயர் அதுதான். கணக்குப் போடுகிற மனுஷனுக்கும் மனுஷிக்கும் அன்றைக்குக் கம்ப்யூட்டர் என்று பெயர். அந்தப் பெயருக்குள் என்ன இருந்தது என்பது எங்களுக்குத் தெரியாமல் போயிருந்தால், அவள் தம்பி ராஜையா இருபத்துமூன்று வயதிலேயே பாறசாலைக் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருப்பான்.

நான் ராபின்சன். அப்போது உதியன்குளங்கரை ஜங்ஷனில் ஒரு டுட்டோரியல் காலேஜில் இங்கிலீஷ் மாஸ்டர். எனக்குத் தெரியாத இங்கிலீஷ் வார்த்தை நெய்யாற்றங்கரைத் தாலுகாவில் கிடையாது என்கிற நினைப்பு எனக்கு நிறையவே உண்டு. பெண் பார்க்கப் போன இடத்தில் அவளுடைய மாமா, "பொண்ணு கம்ப்யூட்டராக்கும்" என்றார். "ஓ, நல்ல உத்தியோகம்" என்று பெரிய மனுஷத்தனமாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். அது என்ன உத்தியோகம் என்று யாரிடம் போய்க் கேட்பது? மாஸ்டரே கேட்டால் மானம் என்னாவது? சபையில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, தாலி கட்டி, வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகும் எனக்கு அர்த்தம் தெரியாது.

ஒரு மழை நாளில் அவள் மறந்துவிட்டுப் போன குடையைக் கொடுக்க ஆபீசுக்குப் போனபோதுதான் பார்த்தேன். நீளமான ஒரு ஹால். வரிசையாக மேஜைகள். ஒவ்வொரு மேஜையிலும் கையால் சுற்றுகிற ஒரு கணக்கு மிஷின். ஆணும் பெண்ணுமாக எல்லோரும் தலை குனிந்து சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. மிஷின் சத்தம் மட்டும் கூரையோட்டில் மழை விழுகிறமாதிரி விடாமல் கேட்டது. கோயிலுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டவனைப்போல நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் விளக்கினாள். ஒரே கணக்கை இரண்டு பேருக்குக் கொடுப்பார்கள். ஹாலின் இந்தக் கோடியில் ஒருத்தர், அந்தக் கோடியில் ஒருத்தர். ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டு விடையும் ஒன்றாக வந்தால் கணக்கு மேலே போகும். வராவிட்டால் யாருடைய தப்பு என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு பேரும் பேசாமல் மறுபடி முதலிலிருந்து போட வேண்டியதுதான்.

"ஒருத்தரு போட்டாப் போதாதா?" என்றேன்.

"ஒருத்தரு போட்டா அது அவருக்க அபிப்பிராயமாக்கும். ரெண்டு பேரு தனித்தனியாப் போட்டு ஒண்ணா வந்தாத்தான் கணக்கு."

அன்றைக்கு எனக்கு அவள்மேல் வந்தது வெறும் பிரியம் இல்லை. கொஞ்சம் பயமும் கலந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை திருவனந்தபுரம் லைப்ரரிக்குப் போய், இரண்டு கையாலும் தூக்க வேண்டிய ஒரு இங்கிலீஷ் அகராதியை எடுத்துப் பிரித்தேன். கட்டிக்கொண்ட பெண்டாட்டியின் உத்தியோகத்தை அகராதியில் தேடியவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். வார்த்தை லத்தீனிலிருந்து வந்தது என்று போட்டிருந்தது. 'கம்' என்றால் சேர்ந்து. 'புதாரே' என்றால் எண்ணுவது. சரி, சேர்த்து எண்ணுகிறவள், இவ்வளவுதானா என்று மூடப்போனேன். அதற்கும் கீழே சின்ன எழுத்தில் இன்னும் கொஞ்சம் இருந்தது. அந்தப் 'புதாரே'க்கு ஆதியில் எண்ணுவது என்ற அர்த்தமே கிடையாது. செடிகொடியை வெட்டிச் சீராக்குவது என்றுதான் அர்த்தம். ரோமாபுரிக்காரன் திராட்சைத் தோட்டத்தில் காய்ந்த கிளையை, வீண் கிளையைக் கத்தியால் கழித்துப்போட்டதற்கு அந்தப் பெயர். அப்புறம் கணக்கில் வேண்டாததைக் கழித்துச் சுத்தமாக்குவதற்கு அதே பெயர். அதற்கும் அப்புறம், மனதுக்குள் ஒன்றை ஆராய்ந்து தெளிவதற்கும் அதே பெயர். கத்தியில் தொடங்கி சிந்தனையில் வந்து நிற்கிறது அந்த வார்த்தை.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நாமும் மரத்தைக் கழிக்கிறோம், பத்தில் மூன்றைக் கழிக்கிறோம். நமக்கும் எண்ணுவது என்றால் கணக்கும்தான், நினைப்பும்தான். எங்கேயோ கிடக்கிற ரோமாபுரிக்காரனும் நம்மைப்போலவே கத்தியைக் கையில் வைத்துக்கொண்டுதான் யோசிக்கக் கற்றிருக்கிறான். ஆசை விடாமல் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். டிஸ்ப்யூட், அதாவது வழக்கு, அதுவும் இதே கொடியின் கிளை. ஆம்ப்யூட்டேட், அங்கத்தை வெட்டி எடுப்பது, அதுவும் இதேதான். தாலுகா முழுக்க தமிழா மலையாளமா என்ற எல்லை வழக்கில் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. வழக்குக்கும் கணக்குக்கும் ஒரே வேர் என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. மூன்றாவது வார்த்தையை அன்றைக்கு நான் பெரிதாக நினைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சத்தியபாயிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தினாள்.

"அப்போ நம்ம ராஜையாவுக்க வேலையும் எனக்க வேலையும் ஒண்ணாக்கும்" என்றாள்.

எனக்கு அது தோன்றவே இல்லை. ராஜையாவுக்கு அம்பூரி தாண்டி மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை. கவாத்து மேஸ்திரி. சில வருஷத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியை அடியோடு ஒட்ட வெட்டுவார்களே, அதுதான் கவாத்து. ஒரு தடவை அவனோடு போய்ப் பார்த்திருக்கிறேன். பச்சையாக இருந்த மலை முழுக்க வெறும் குச்சியாக நிற்கும். இனி இதில் உயிர் ஏது என்று தோன்றும். சில வாரம் கழித்துப் போனால் அத்தனை குச்சியிலும் துளிர். எங்கே வெட்டினால் துளிர்க்கும், எங்கே வெட்டினால் பட்டுப்போகும் என்பது மேஸ்திரியின் கட்டைவிரலுக்குத் தெரியும்.

இந்தச் சந்தோஷத்தை அவனிடம் போய்ச் சொல்ல வழியில்லை. அக்காளுக்கும் தம்பிக்கும் அப்போது பேச்சுவார்த்தை இல்லை. அப்பாவும் அம்மாவும் சிறு வயதிலேயே போய்விட, அவனை வளர்த்தது அவள்தான். ஆனாலும் எல்லைப் போராட்டம் சூடேறியதும் அவன் மலை வேலையை விட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டான். நெய்யாற்றங்கரையும் தெற்கே உள்ள தாலுகாக்களோடு சேர்ந்து தமிழ்நாட்டுக்குப் போக வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டான். எந்தப் பகுதியில் எந்த மொழிக்காரர் எத்தனை பேர் என்ற கணக்கு சத்தியபாயின் ஆபீசில்தான் தயாரானது. எங்கள் தாலுகாவில் தமிழ்க் கணக்கு அவன் எதிர்பார்த்ததைவிட ரொம்பக் குறைந்து வந்தது. அவ்வளவுதான். ஜங்ஷன் டீக்கடையில், நாலு பேர் கேட்க, "நம்ம ஊரைப் பென்சிலு வச்சு வெட்டினது எனக்க அக்காவாக்கும்" என்று சொல்லிவிட்டான். அதோடு எங்கள் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. இனி வாயில் மலையாளமே வராது என்று சபதமும் போட்டிருந்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் சோறு பொங்கும்போது அவனுக்கும் சேர்த்து அரிசி போடுகிற பழக்கத்தை நிறுத்தவில்லை.

ஐம்பத்துநாலு ஆகஸ்டில் குழித்துறைக்கு அப்பால் ஊர்வலத்தின்மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. ராஜையாவுக்கு இடது கணுக்காலில் குண்டு. ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று பயந்து, கூட்டாளிகள் அவனை ஆரியங்கோட்டில் ஒரு ரப்பர் தோட்டத்து ஷெட்டில் ஒளித்துவைத்தார்கள். பச்சிலை வைத்துக் கட்டினார்கள். கால் கறுத்து, நாற்றமெடுத்து, காய்ச்சலில் அவன் பிதற்ற ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்கு ஆள் அனுப்பினார்கள். ஒரு வாடகைக் காரில் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

டாக்டர் கோட்டயத்து மலையாளி. எங்களை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, மலையாளமும் இங்கிலீஷும் கலந்து நிதானமாகச் சொன்னார். பாதம் செத்துவிட்டது. விஷம் மேலே ஏறுகிறது. முழங்கால் முட்டுக்கு நாலு விரல் கீழே வெட்ட வேண்டும். இன்றைக்கே வெட்டினால் முட்டு தப்பும், ஆள் தப்புவான். நாளைக்கு என்றால் முட்டும் போகும். அதற்கு மேலும் தள்ளினால் பிரார்த்தனை பண்ணிக்கொள்ளுங்கள். அவர் சொன்ன இங்கிலீஷ் வார்த்தை காதில் விழுந்ததும் லைப்ரரியில் விரலால் தடவிப் பார்த்த அந்தச் சின்ன எழுத்து என் கண்முன் வந்து நின்றது.

"நோயாளி சம்மதிக்காமல் நான் தொடமாட்டேன். அவன் சம்மதிக்கவில்லை" என்றார் டாக்டர்.

நான் உள்ளே போய்க் கெஞ்சிப் பார்த்தேன். அதட்டியும் பார்த்தேன். ராஜையா கட்டிலில் கண் சிவந்து கிடந்தான்.

"சுட்டதும் அவங்க, வெட்டுறதும் அவங்களா அத்தான்? காலை முழுசா எடுத்துருவாங்க. அவங்களுக்கு என்ன, ஒரு எதிராளி குறைஞ்சான்."

"எலே, அவரு டாக்டராக்கும்."

"எனக்கு ஒருத்தரையும் விசுவாசம் இல்லை. செத்தாலும் முழு ஆளாச் சாவேன்."

சத்தியபாய் உள்ளே வந்தாள். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் கூப்பிடவில்லை, அழவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தாள். பொழுது மதியம் தாண்டிவிட்டது. ஒவ்வொரு நிமிஷமும் அந்தக் காலுக்குள் எதுவோ மேலே மேலே ஏறிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பில் நான் கட்டிலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

அப்போது நர்ஸ் விலாசினி தண்ணீர்க் கூஜாவோடு வந்தாள். நெய்யாற்றங்கரைப் பக்கத்துப் பெண். கட்டிலுக்குக் குனிந்து, "வெள்ளம் வேணோ?" என்றாள்.

"வேண்டா சிஸ்டர். இப்போ வேண்டா" என்றான் ராஜையா.

அவ்வளவு காய்ச்சலிலும் எத்தனை மரியாதையாகச் சொன்னான். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். பதில் சொன்னது மலையாளத்தில் என்று பிறகுதான் அவனுக்கு உறைத்தது. திரும்பி எங்களைப் பார்த்தான். சபதம் போட்ட வாய் அப்படியே திறந்து நின்றது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது பிறவிக் குணம். எந்த மொழியில் கேட்கிறார்களோ அந்த மொழியில் பதில் சொல்வோம். மலையாளத்தில் கேட்டவனுக்குத் தமிழில் பதில் சொல்வது, வந்தவனுக்கு உட்கார நாற்காலி போடாததுமாதிரி. யோசித்துச் செய்வதில்லை. நாக்கு அதுவாகப் புரண்டுவிடும்.

ராஜையா கூரையைப் பார்த்தான்.

"அன்னைக்கும் இப்படித்தான் அக்கா" என்றான். இவ்வளவு நாள் கழித்து அவள் காதில் விழுந்த முதல் 'அக்கா' அது. "மக்கள் கணக்கு எடுக்க ஒருத்தன் வந்தான். நான் மலையிலேருந்து லீவுல வந்திருந்தேன். எத்ர பேருண்டுன்னு கேட்டான். நானும் மலையாளத்துலயே எல்லாம் சொன்னேன். நாற்காலி போட்டு, காப்பி குடுத்து, மலையாளத்துலயே சொன்னேன். அவன் மலையாளம்னு எழுதிக்கிட்டுப் போனான். இங்க உள்ள முக்காவாசி வீட்டுலயும் அப்படித்தான் நடந்திருக்கும். வெட்டினது நீ இல்லை. எங்களுக்க நாக்காக்கும்."

"அது கிடக்கட்டு மக்கா" என்றாள் சத்தியபாய். "அந்தக் கணக்கு போச்சு. இந்தக் கணக்கைப் பாப்போம். அத்தான் உனக்கு ஒரு காரியம் சொல்லுவாரு. கேளு."

எதைச் சொல்லச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. டுட்டோரியலில் எத்தனையோ பாடம் நடத்தியிருக்கிறேன். அன்றைக்குப்போலக் குரல் உடைந்து ஒரு பாடமும் நடத்தியதில்லை. கம்ப்யூட்டர் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று சொன்னேன். கொடியையும் கத்தியையும் சொன்னேன். அதிலிருந்து கணக்கு வந்ததையும், கணக்கிலிருந்து யோசனை வந்ததையும் சொன்னேன். டாக்டர் சொன்ன வெட்டுக்கும் அதே வேர்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவன் கண்ணை மூடாமல் கேட்டான்.

"கவாத்தா?" என்றான்.

"கவாத்தேதான்."

"அக்கா ஆபீசுல உக்காந்து செய்யுறது கவாத்தா?"

"உலகத்துல ஆதியில எண்ணினவன் எல்லாரும் மேஸ்திரியாக்கும்" என்றேன். அது கொஞ்சம் மிகைதான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

அவன் முகத்தில் வந்த மாற்றத்தை எப்படிச் சொல்வது? காய்ச்சலுக்கு நடுவில், வலிக்கு நடுவில், ஒரு பெரிய விஷயத்தைப் பார்த்துவிட்டவனின் முகம். கறுத்த கைகளைத் தூக்கித் தன் விரல்களையே பார்த்தான்.

சத்தியபாய் ஸ்டூலை இன்னும் நெருக்கிப் போட்டாள். "எங்க ஆபீசுல ஒரு கணக்கை ரெண்டு பேரு தனித்தனியாப் போடுவோம். ஒண்ணா வந்தா அது சரி. டாக்டரு கணக்குப் போட்டாச்சு. எங்க வெட்டணும்னு எங்ககிட்டச் சொல்லியாச்சு. அதை உன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயும் மேஸ்திரிதானே. உனக்க காலைச் செடின்னு நினைச்சுப் பாரு. நீ எங்க வெட்டுவே?"

"ஒண்ணா வரல்லைன்னா?"

"வரல்லைன்னா உன்னை வெட்டச் சொல்ல மாட்டேன். டாக்டரை மறுபடி பாக்கச் சொல்லுவேன்."

இரண்டும் ஒன்றாக வராவிட்டால் என்ன ஆகும்? மறுபடி பார்க்க நேரம் எங்கே இருக்கிறது? அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துப்போய்ச் சண்டைபோட வேண்டும்போல இருந்தது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் அவன் முதுகுக்குப் பின்னால் தாங்கி உட்காரவைத்தேன். விலாசினியைக் கூப்பிட்டுக் கட்டை அவிழ்க்கச் சொன்னோம். நாற்றம் எழுந்து அறையை நிறைத்தது. ராஜையா முகம் சுளிக்கவில்லை. குனிந்து பார்த்தான். கட்டைவிரலால் கணுக்காலில் அழுத்தினான். எடுத்தான். அதற்கு மேலே அழுத்தினான். எடுத்தான். ஒவ்வொரு இடத்திலும் அழுத்தி, தோலில் இரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்த்தான். வலியில் பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. மலைச்சரிவில் செடியின் முன் உட்கார்ந்து பட்டது எது, பச்சை எது என்று தடவிப் பார்க்கிற அதே கை. ஏறிக்கொண்டே வந்தது. கெண்டைச் சதையின் நடுவில் நின்றது. அங்கேயே இருந்துவிடுமோ என்று நான் சத்தியபாயைப் பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் ஏறினான். முட்டிலிருந்து கீழே இடது கையின் நாலு விரலை வைத்து அளந்து, வலது கையின் நகத்தால் ஒரு கோடு இழுத்தான்.

"இஞ்ச" என்றான்.

விலாசினியின் கையிலிருந்த கட்டுத்துணி நழுவி விழுந்தது. டாக்டர் குறித்த இடம் அவளுக்கும் தெரியும். எனக்குத் தேவன் அந்த அறைக்குள் வந்து நின்றதுபோல இருந்தது. இதைவிடக் குறைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"ரெண்டு கணக்கும் ஒண்ணாக்கும் மக்கா" என்றாள் சத்தியபாய்.

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். விலாசினியைப் பார்த்தான். அவளும் ஆட்டினாள்.

"முட்டு தப்பும்னா சொன்னாரு?"

"ஆமா. இன்னைக்கு வெட்டினா முட்டு உண்டு."

அப்படியே சாய்ந்துவிட்டான். சின்னப் பிள்ளையின் குரலில், "செடி துளிர்க்கும் அக்கா. கால் துளிர்க்காதே" என்றான்.

அவள் அவன் தலைமயிரை ஒதுக்கிவிட்டாள். "வெட்டி எறிஞ்ச கொம்பு எப்பலே துளிர்த்திருக்கு? மண்ணுல நிக்குற மூடுதானே துளிர்க்கும். நீயாக்கும் மூடு."

ராஜையா கண்ணை மூடிக்கொண்டான். கண்ணீர் காதுக்குள் ஓடியது. "வரச் சொல்லு" என்றான்.

இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகும் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. பிழைப்பானா மாட்டானா என்று சொல்ல முடியாத நாட்களும் இருந்தன. சத்தியபாய் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அந்த ஸ்டூலிலேயே இருந்தாள். கடைசியில் காய்ச்சல் ஒரேயடியாக இறங்கிய காலையில் டாக்டரே வந்து கட்டைப் பிரித்தார். ராஜையா அதுவரைக்கும் துணிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை.

"எங்ஙனெயுண்டு ராஜையா?" என்று டாக்டர் நலம் கேட்டார்.

அவன் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். நான் பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டான். முட்டுக்கு நாலு விரல் கீழே முடிந்துபோன தன் காலை இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். தையல் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து மெல்ல ஓட்டினான். தோட்டத்தில் ஆட்கள் வெட்டிக்கொண்டு போக, பின்னால் குனிந்து குனிந்து ஒவ்வொரு குச்சியின் முனையையும் தடவிப் பார்த்து, பிளந்திருக்கிறது, பிசிறடித்திருக்கிறது என்று திட்டிக்கொண்டே வருகிற ராஜையாவை எனக்குத் தெரியும். அந்த மலையில் அவனிடம் நல்ல பெயர் வாங்கியவர்கள் ரொம்பக் குறைவு.

தலையை நிமிர்த்தி டாக்டரைப் பார்த்தான்.

"நல்ல வெட்டு சாரே" என்றான்.

டாக்டர் சிரித்துக்கொண்டே அவன் தோளில் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். தனக்குக் கிடைத்தது என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சத்தியபாய் எழுந்து வராந்தாவுக்குப் போனாள். தூணைக் கட்டிக்கொண்டு, இத்தனை நாளுக்கும் சேர்த்து அவள் அழ ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.